உங்களுக்குத் தெரியுமா? நாய்க்குப் பல் தேய்க்க அதன் வாயைத் திறக்கவே வேண்டாம்!

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் கிள்ளையின் கடைத்தெருவில் மருந்துக்கடைக்குப் போய், "இருக்கறதுலயே மெத்துனு ஒரு சின்னப் புள்ள பிரஷ் குடுங்கண்ணே" என்றேன்.

"புள்ளைக்கு என்ன வயசு?"

"நாலு."

"ஸ்கூல் போறானா?"

"இல்லண்ணே. பூனையத் தொரத்திக்கிட்டுத் திரியறான்."

பிரஷ்ஷை எடுத்த கை அப்படியே நின்றது. அப்புறம் அவர் சிரித்த சிரிப்பு பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டது. அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லும் விதமாக இந்த முறை பகுதி முழுக்க நாய்ப்பல்தான்.

● நமக்குப் பல் 32. நாய்க்கு 42. மேலே 20, கீழே 22. குட்டிக்குப் பால்பல் 28. மூன்றாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கும், நாலாவது மாதத்தில் ஆடத் தொடங்கும், ஏழு மாதத்துக்குள் புதுவரிசை அமைந்துவிடும். விழுந்த பல் நம் கண்ணில் படுவதே அபூர்வம். பெரும்பாலும் சோற்றோடு உள்ளே போய்விடும். கூரைமேல் எறிகிற வேலை மிச்சம்.

● நாய்க்குச் சொத்தைப்பல் வருவது மிகக் குறைவு. அதன் எச்சில் நம்முடையதைவிடக் காரத்தன்மை கூடியது. பல்லை அரிக்கும் அமிலத்துக்கு அங்கே அவ்வளவு வேலையில்லை. ஆனால் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்குகிறது அந்த எச்சில். காரம் கூடிய எச்சிலில் சுண்ணச்சத்து சீக்கிரம் படியும். தின்று சில மணி நேரத்தில் பல்மேல் வழவழப்பாக ஒரு படலம் ஒட்டும். அதைத் துடைக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளிலேயே கெட்டியாகத் தொடங்கும். பழைய செப்புக்குடத்தின் உள்ளே உப்புத்தண்ணி விட்டுப்போன வெள்ளைத் தடிப்பைப் பார்த்திருக்கிறீர்களா? அதேதான், மஞ்சள் பழுப்பு நிறத்தில். பெயர் பற்காரை. காரையான பிறகு பிரஷ் தலைகீழாக நின்றாலும் அது போகாது. படலமாக இருக்கும்போதே துடைப்பதுதான் பல் தேய்ப்பது. நாய்களுக்கு வாயில் வருகிற பெரிய நோய் ஈறுநோய். மூன்று வயதுக்குள் பெரும்பாலான நாய்களுக்கு அதன் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிடுகிறது.

● எத்தனை நாளுக்கு ஒரு தடவை? பீகிள் நாய்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. தினமும் தேய்த்தவை, ஒருநாள் விட்டு ஒருநாள் தேய்த்தவை, வாரம் ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று பிரித்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு வகைக்குத்தான் நல்ல பலன். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் கணக்கு பல்லுக்குச் செல்லாது.

● இனி தலைப்புச் சங்கதி. நாய்க்குப் பல் தேய்க்கிறேன் என்று உட்காருகிறவர்கள் முதலில் செய்வது இரண்டு கையாலும் தாடையைப் பிளப்பது. நாய் திமிறும், நாம் அழுத்துவோம், அது கடிக்கும், "சனியன், சோறு போட்ட கையையே கடிக்குது" என்று பிரஷ்ஷைக் கொல்லையில் வீசுவோம். வாயைத் திறக்கவே தேவையில்லை. காரை கட்டுவது பெரும்பாலும் பல்லின் வெளிப்பக்கத்தில், கன்னத்தைப் பார்த்த பக்கத்தில். உட்பக்கத்தை அதன் நாக்கே ஓரளவு வழித்துவிடுகிறது. அதனால் வாய் மூடியபடியே இருக்கட்டும். உதட்டை மட்டும் கட்டைவிரலால் மேலே தூக்குங்கள். திரைச்சீலையை ஒதுக்கினால் ஜன்னல் தெரிவதுபோல் பல்வரிசை தெரியும். வாயோரத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்தால் கடைவாய்ப்பல்லும் தெரியும். பிரஷ் போகவேண்டிய இடம் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பை. மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் நடுவில் விரல் போகவே போகாது. கடிபடாமல் இருப்பதற்கு இதைவிடப் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது.

● முன்பல் பளபளவென்று இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். எச்சில் சுரப்பியின் குழாய் ஒன்று மேல் கடைவாய்ப்பக்கம், மேல்வரிசையிலேயே பெரிய கடைவாய்ப்பல்லுக்கு நேராகத் திறக்கிறது. எச்சில் ஊறும் இடத்தில்தான் காரையும் முதலில் கட்டும். நேரம் இல்லாத நாளில் அந்த ஒரு பல்லையும் அதற்கு முன்னால் இருக்கும் கோரைப்பல்லையும் தேய்த்தாலே பாதி வேலை முடிந்தது.

● பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேருகிற கோட்டில் 45 டிகிரி சாய்த்து வைத்து, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்ற வேண்டும். செருப்புத் தேய்ப்பதுபோல் இழுக்கக் கூடாது. ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம் போதும். விரலில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் பிரஷ் கிடைக்கிறது. அதைவிடக் குழந்தைகளின் மென்மையான பிரஷ் ஈற்றோரத்துக்கு நன்றாக எட்டும். இரண்டு நாய் இருந்தால் இரண்டு பிரஷ். எங்கள் வீட்டு நாய் பிரஷ்ஷின் காம்பில் சிவப்பு நூல் கட்டியிருக்கும். அதற்கு ஒரு கதை உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

● ஆலுக்கும் வேலுக்கும் பழமொழி வைத்திருக்கிற ஊர் நம்முடையது. ஆனால் அந்தக் குச்சிகள் நாய்க்கு ஆகாது. நாம் குச்சியை மென்று துப்புகிறோம். நாய் மென்று விழுங்குகிறது. சிலாம்பு ஈற்றில் ஏறும், தொண்டையில் குத்தும். எறிந்து எடுத்துவரச் சொல்லி விளையாடும் குச்சியும் அப்படித்தான். நுனி மண்ணில் குத்திக்கொண்டு நிற்க, ஓடி வந்த வேகத்தில் நாயின் தொண்டையில் பாய்ந்த கேஸ்கள் கால்நடை மருத்துவர்களுக்குப் பழக்கம்.

● குச்சி என்றதும் நம் ஊர்க்காரர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்த தில்லை மரம் இப்போது பக்கத்துப் பிச்சாவரம் காட்டில்தான் ஏராளம். இலையைக் கிள்ளினால் பால் வடியும். அந்தப் பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. காட்டோரம் நாயைக் கூட்டிப்போகிறவர்கள் கையில் கிடைத்த கொம்பை ஒடித்து அதன் வாயில் கொடுக்காதீர்கள். வேலியோரத்து அரளியும் அப்படியே. அதன் விஷம் இதயத்தைப் பிடிக்கும். பிச்சாவரம் 2022-இல் உலகளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பெருமை நமக்கு. நாய்க்கு அங்கே எல்லாம் பல்குச்சி.

● நாயால் துப்ப முடியாது. இந்த ஒரே காரணத்துக்காக நம் பேஸ்ட் அதற்கு ஆகாது. நுரை வருவதற்குப் போடும் சோப்புச் சரக்கு வயிற்றைப் புரட்டும். ஃப்ளூரைடு தினமும் வயிற்றுக்குள் போவது நல்லதல்ல. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் இருந்த ஃப்ளூரைடு மனிதர்களுக்கே பல்லைக் கறையாக்கி எலும்பை வளைத்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அளவு மீறினால் அது யாருக்கும் உறவில்லை.

எல்லாவற்றையும்விட மோசமான சரக்கு ஒன்று உண்டு: சைலிட்டால். இனிப்புக்காகச் சேர்ப்பது. சர்க்கரையில்லாத சூயிங்கம், சில பேஸ்ட், சில மவுத்வாஷ், சில மிட்டாய்களில் இருக்கும். நமக்கு அது விஷமில்லை. நாயின் உடம்போ அதைச் சர்க்கரை என்று நம்பி இன்சுலினைக் கொட்டிவிடும். அரைமணி, ஒருமணி நேரத்துக்குள் இரத்தச் சர்க்கரை தடாலென்று விழும். வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு. ஈரல் கெட்டுச் செத்துப்போவதும் உண்டு. பத்துக் கிலோ நாய்க்கு ஒரு கிராமே வினையாகிவிடும். மேசைமேல் கிடந்த டியூபை நாய் கடித்துக் குதறியிருந்தால் "பார்க்கலாம், மத்தியானம் வரைக்கும்" என்று உட்காராதீர்கள். டியூபையும் நாயையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அட்டையில் இருக்கும் எழுத்தை மருத்துவர் படித்தால் பாதி நேரம் மிச்சம்.

● "அப்ப உமிக்கரி?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். உமிக்கரியும் செங்கல்பொடியும் பல்லைத் தேய்க்கிற சாமான் இல்லை, தேய்மானத்துக்கான சாமான். உப்பும் சோடா உப்பும் தினமும் விழுங்கினால் உடம்பில் சோடியம் ஏறும். கிராம்புத் தைலம் ஈற்றைச் சுடும். பல்பொடி மூக்கில் ஏறித் தும்மினால் அடுத்த நாள் பிரஷ்ஷைக் கண்டதும் நாய் கட்டிலுக்கடியில். வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷ் இவை எல்லாவற்றையும்விட மேல். அழுக்கை எடுப்பது பிரஷ்ஷின் உரசல். பேஸ்ட் என்பது நாயை இணங்க வைக்கிற லஞ்சம். நாய்க்கென்று விற்கும் பேஸ்ட் கோழிக்கறி வாசனையில் வருவது அதனால்தான்.

● லஞ்சத்தை வீட்டிலேயே தயாரிக்கலாம். வெறும் தண்ணீரில் வேகவைத்த கோழித்துண்டின் சாறு போதும். ஆனால் அடுப்பிலிருக்கும் குழம்பை மொண்டு தொட்டுவிடாதீர்கள். நம் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்காது. இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைப்பவை.

● எங்கள் வீட்டில் எப்படிப் பழக்கினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரிச் சோறு முடிந்து, திண்ணையில் காற்று வருகிற நேரம். நாய்க்கு எதிரே குனிந்து உட்காரவில்லை. அது அதற்கு மிரட்டல். பக்கத்தில், தோளோடு தோளாக உட்கார்ந்தோம். முதல் வாரம் முழுக்க உதட்டைத் தூக்குவது, விடுவது, ஒரு துண்டு கொடுப்பது. அவ்வளவுதான். இரண்டாவது வாரம் விரலில் கோழிச்சாற்றைத் தொட்டு வெளிப்பல்மேல் ஒரு தடவல். மூன்றாவது வாரம் விரலில் ஈரத்துணி சுற்றி. நாலாவது வாரம்தான் பிரஷ்ஷைக் கண்ணில் காட்டினோம். முதல் நாள் அதை நக்கியது, இரண்டாம் நாள் கடித்துப் பார்த்தது, மூன்றாம் நாள் நாலு பல் தேய்க்க விட்டது. ஐந்தாவது பல்லுக்குப் போகும்போது கழுத்தை விறைத்தது, அன்றோடு விட்டோம். அவசரப்பட்டு ஒரு நாள் பிடித்து அமுக்கினால் ஒரு மாதப் பழக்கம் போச்சு. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். பொங்கல் சமயத்தில் வீட்டுக்கு வந்திருந்த கூட்டத்துக்கு நம் சாமர்த்தியத்தைக் காட்டுகிறேன் என்று அமுக்கிப் பிடித்து, மறுபடி முதல் வாரத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

● உறுமினால்தான் நாய்க்குக் கோபம் என்று நினைக்கிறோம். உறுமலுக்கு முன்னால் அது நாலு தடவை சொல்லிவிட்டிருக்கும்: உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பும், கண்ணின் வெள்ளை பிறைபோல் தெரியும், உடம்பு மரக்கட்டையாக இறுகும். அங்கேயே நிறுத்த வேண்டும். இந்த வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம் விடவே கூடாது. அவர்கள் முகம் நாயின் வாய் உயரத்தில் இருக்கிறது.

● அடுத்தது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். வெறிநாய் என்றால் வாலை மடக்கிக்கொண்டு கண்டவரையெல்லாம் கடித்தபடி ஓடும் என்பது சினிமா. வெறிநோயில் சத்தமில்லாத வகை ஒன்று உண்டு. தாடை தொங்கும், எச்சில் வழியும், விழுங்க முடியாது, குரைப்பு மாறிக் கரகரக்கும். பார்ப்பவருக்குத் தொண்டையில் எலும்போ மீன்முள்ளோ சிக்கியதுபோலவே இருக்கும். நம் ஊரிலோ மீன்முள் சிக்குவது அன்றாடம். அதனால் மனசு இளகியவர் யாராவது வாய்க்குள் கையை விடுவார். எச்சிலில் இருக்கும் கிருமிக்குக் கடியே தேவையில்லை, விரலில் ஒரு கீறல் போதும். நோய் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் கிருமி வந்துவிடும்.

எனவே தெருநாயின் வாயில் கை வைக்காதீர்கள். வீட்டு நாயானாலும் திடீரென்று தாடை தொங்கி எச்சில் ஒழுகினால் கை வைக்காதீர்கள். கடியோ கீறலோ பட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் கூடாது. அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். முதல் நாள், அப்புறம் 3, 7, 28 ஆகிய நாள்களில் தோலில் போடுவார்கள். ஆழமான காயமென்றால் காயத்தைச் சுற்றியே போடும் மருந்து தனியாக உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயமெல்லாம் தாத்தா காலத்தோடு போயிற்று. நோய் வந்துவிட்டால் மட்டும் மருந்து கிடையாது.

குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கியதே இந்த நோய்க்காகத்தான். லூயி பாஸ்டர் இறந்த செப்டம்பர் 28-தான் உலக வெறிநோய் நாள். பிரஷ் வாங்குவதற்கு முன்னால் நாய்க்குத் தடுப்பூசி அட்டை வாங்குங்கள். மூன்று மாதக் குட்டிக்கு முதல் ஊசி. அடுத்தது எப்போது என்று அட்டையிலேயே இருக்கும்.

● கைவிரலில் வெட்டுக்காயம் இருக்கிற நாளில் பல் தேய்க்கும் வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள். கருவாடு அரியும் வீடுகளில் விரலில் காயமில்லாத நாளே கிடையாது என்பீர்கள். அப்படியானால் கையுறை.

● முடசலோடை மீன் இறங்குதளத்திலும் கழியோரத்திலும் சுற்றுகிற நாய்களுக்கு இரண்டு ஆபத்து. ஒன்று, இரையோடு கிடக்கும் தூண்டில் முள். அதன் நுனியில் எதிர்முள் இருப்பதால் வந்த வழியே இழுத்தால் சதையோடு வரும். வாயிலிருந்து தூண்டில் நரம்பு தொங்கினால் இழுக்காதீர்கள். கடித்து விழுங்காதபடி கொஞ்சம் நீளம் விட்டுவைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மற்றது கெளுத்தி. வலையிலிருந்து உதறிப்போட்ட கெளுத்தியைக் கவ்வினால் அதன் துடுப்புமுள் மேலண்ணத்தில் ஏறும். அந்த முள்ளுக்கு ரம்பப்பல்லும் உண்டு, விஷமும் உண்டு. முள் குத்தி வீங்கிய கையோடு ஒரு வாரம் கடலுக்குப் போகாமல் கிடந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

● "எலும்பு கடிச்சா பல்லு தானா சுத்தமாயிடும்." பாதி உண்மை. கொஞ்சம் காரை உரிந்துபோகலாம், கூடவே பல்லும். மாட்டின் கால்எலும்பு நாய்ப்பல்லைவிடப் பிடிவாதமானது. மேல் கடைவாய்ப்பல் ஓடுபோல் பிளந்து, உள்ளே இளஞ்சிவப்பாய் நரம்பு தெரியும். அந்த வலியோடும் நாய் சோறு தின்னும், மறுபக்கத்தால் மெல்லும், நமக்குத் தெரியவே தெரியாது. வேகவைத்த கோழி எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். கொட்டாங்குச்சியும் வேண்டாம், தேங்காய் மட்டையும் வேண்டாம். நார் குடலில் பந்தாகச் சுருண்டுகொள்ளும். ஒரு பொருள் கடிக்க ஏற்றதா என்று பார்க்கக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் கொடுக்கலாம்.

● மணலும் பல்லைத் தின்னும். கடற்கரையில் மணல் ஒட்டிய பந்தைத் தினமும் கவ்வும் நாயின் கோரைப்பல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் மொட்டையாகும். டென்னிஸ் பந்தின் சொரசொரப்பு மணல் இல்லாமலே அந்த வேலையைச் செய்யும்.

● கடைகளில் பல்லுக்கு நல்லது என்று விற்கும் மெல்லும் தின்பண்டங்கள் ஏராளம். சோதித்துப் பார்த்துப் பலன் தெரிந்தவற்றுக்கு முத்திரை கொடுக்க அமெரிக்காவில் கால்நடை வாய்நலக் குழு ஒன்று 1997-இலிருந்து இயங்குகிறது. அந்த முத்திரை இல்லாத பொட்டலத்தில் எழுதியிருப்பது விளம்பரம்.

● கண்ணுக்குக் கீழே வீக்கம், இரண்டு நாளில் உடைந்து சீழ். "எவனோ கல்லால அடிச்சுட்டான்" என்று தெருவையே சபிப்போம். பல நேரம் குற்றவாளி உள்ளேயே இருக்கிறான். மேல் கடைவாய்ப் பெரும்பல்லின் வேர் கண்ணுக்குக் கீழேதான் முடிகிறது. வேரில் சீழ் கட்டினால் வழி தேடி அங்கே உடைத்துக்கொண்டு வரும். களிம்பு தடவினால் ஆறும், மறுபடி வரும். பல்லைக் கவனித்தால்தான் நிற்கும்.

● கருவாடு காயும் ஊரில் நாயின் வாய்நாற்றத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நியாயமான கேள்வி. மீன் வாசனை தின்ற அன்றோடு போய்விடும். சீழ்நாற்றம் காலையில் வெறும் வயிற்றிலும் இருக்கும். சந்தேகமென்றால் வெள்ளைத்துணியை விரலில் சுற்றி ஈற்றோரம் ஒரு தடவை ஓட்டி மோந்து பாருங்கள். மூத்திர நெடி அடித்தால் அது பல் சம்பந்தப்பட்டதாக இல்லாமல் சிறுநீரகக் கோளாறாக இருக்கலாம்.

● தேய்த்தபின் பிரஷ்ஷில் இளஞ்சிவப்பாக இரத்தம் தெரிந்தால் பயந்து நிறுத்த வேண்டாம். வீங்கிய ஈறு ஆரம்பத்தில் அப்படித்தான். மெதுவாகத் தொடர்ந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் நிற்கும். பல் ஆடுகிறது, இரத்தம் நிற்கவில்லை, தொட்டாலே அலறுகிறது என்றால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு முதலில் மருத்துவர். வலிக்கும் பல்லில் பழக்கம் ஏறாது.

● சிப்பிப்பாறை நாய்க்கும் கன்னி நாய்க்கும் நீண்ட மூஞ்சி. பல்லெல்லாம் இடம்விட்டு வரிசையாக நிற்கும், பிரஷ் சுலபமாகப் போகும். பக் நாய்க்கும் அதே 42 பல்தான். ஆனால் நீளம் அதில் பாதிகூட இல்லாத தாடையில். திருவிழாக்கால மினிபஸ்ஸில் நிற்கிற மாதிரி ஒன்றோடொன்று திரும்பி, சாய்ந்து நிற்கும். இடுக்கெல்லாம் அழுக்கு. செல்லம் சிறிதானால் பல்வேலை பெரிது.

● பொமரேனியன் போன்ற குட்டை நாய்களுக்குப் பால்கோரைப்பல் விழாமலே பக்கத்தில் புதுப்பல் முளைத்துவிடும். இரட்டைக் கோரைப்பல் அதிர்ஷ்டம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் சோறு சிக்கி அழுகும். பழைய பல்லை எடுத்துவிட வேண்டும். முற்றிய ஈறுநோயில் இந்தச் சின்ன நாய்களின் தாடையெலும்பே மெலிந்து, சோபாவிலிருந்து குதித்ததில் முறிந்துபோவதும் உண்டு.

● எவ்வளவு தேய்த்தாலும் போகாத குறை இரண்டு. குட்டியில் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் வந்து பிழைத்த நாயின் பல்லில் அம்மைத் தழும்புபோல் குழிகள் இருக்கும். பல்பூச்சு உருவாகும் நேரத்தில் நோய் குறுக்கிட்டதன் அடையாளம். பல் முளைக்கும் பருவத்தில் டெட்ராசைக்ளின் மருந்து கொடுத்திருந்தால் மஞ்சளாகவே இருக்கும். இரண்டையும் சுரண்டாதீர்கள்.

● சுரண்டுவது என்றதும் நினைவு வருகிறது. காரையை நகவெட்டியின் முனையாலும் ஸ்டீல் கருவியாலும் வீட்டில் பெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள். மேலே தெரிவது போய்விடும், பல்லும் வெள்ளையாகும். நோய் இருப்பது ஈறுக்கு அடியில்; அங்கே மயக்கமருந்து இல்லாமல் யாராலும் கை வைக்க முடியாது. போதாக்குறைக்கு, சுரண்டிய பல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து அடுத்த காரை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்.

● அமெரிக்காவில் பிப்ரவரியைச் செல்லப்பிராணிகளின் பல்நல மாதமாகக் கொண்டாடுகிறார்கள். நமக்கு அது மாசி பிறக்கிற சமயம். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்கு எழுந்தருளுவார். கிள்ளைத் தைக்காலில் முஸ்லிம்கள் அவரை வரவேற்றுப் பட்டு சாத்துவார்கள். பூமியையே கோரைப்பல்லில் தூக்கிய சாமி வருகிற ஊரில் பல்லுக்கு ஒரு மாதம் ஒதுக்கினால் தப்பில்லை. சாமிக்கே பல்லில்தான் பலம் என்று எங்கள் வீட்டுப் பாட்டி சொல்வதுண்டு. நாய்க்கும் அது பொருந்தும் என்று நான் சேர்த்துச் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை.

● சிவப்பு நூல் கதை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே மாசி மகத்துக்கு விழுப்புரத்திலிருந்து ஒரு மாமா வந்து தங்கினார். விடியற்காலை, கரண்ட் இல்லை. கிணற்றடி மாடத்தில் இருட்டில் துழாவி, கையில் கிடைத்த பிரஷ்ஷில் பக்கத்திலிருந்த டியூபைப் பிதுக்கிக்கொண்டு பல் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு போய் நிற்கிறேன். நாய் அவர் காலடியில் உட்கார்ந்து, அவர் வாயையே பார்த்தபடி வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறது.

"என்னடா மாப்ள, உங்க ஊரு பேஸ்ட்டு கறிக்கொழம்பு வாசன அடிக்குது?" என்றார் மாமா.

"கோழிக்கறி மாமா" என்றேன்.

இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் கேட்டார், யாருடையது என்று.